நாலு கால் கப்பல்கள்

"ஒரே ஒரு பெரிய கப்பலா, மூணு சின்னக் கப்பலா? நீ எதச் சொல்லுவ?" என்று சுருளியாண்டி அண்ணன் என்னைக் கேட்டது எண்பத்தைந்தாம் வருடம் பங்குனியில், அனுமந்தன்பட்டி வாய்க்கால் கரையில். எட்டாம் வகுப்போடு நின்றுவிட்டவளிடம் யாரும் எதையும் கேட்பதில்லை. உலை வைத்தாயா, மாட்டுக்குத் தண்ணீர் காட்டினாயா, அவ்வளவுதான். கேள்வி எனக்குத்தானா என்று ஒருமுறை பின்னால் திரும்பிப் பார்த்துக்கொண்டேன்.

அண்ணன் கடற்படையில் எஞ்சின் அறையில் வேலை பார்த்தான். பம்பாயிலிருந்து லீவில் வந்திருந்தான். அவனுடைய கப்பலுக்கு வயதாகிவிட்டது. அதை வைத்து ஓட்டும் செலவில் புதிதாக ஒன்று வாங்கலாம் என்று உடைக்கப் போகிறார்கள். இனி அவன் விமானம் ஏறி இறங்கும் பெரிய கப்பலுக்குப் போகலாம், அல்லது ஏவுகணைப் படகுக்குப் போகலாம். பெரியதில் ஆயிரம் பேரில் ஒருவன். படகில் எஞ்சின் முழுக்க அவன் பொறுப்பு. படகுக்குத்தான் கேட்கப்போகிறேன் என்று வந்த அன்றே சொல்லிவிட்டான். அன்றோடு அம்மா அவனிடம் பேச்சை நிறுத்திவிட்டாள். சோறு போடுவாள், குழம்பு ஊற்றுவாள், வாய் மட்டும் திறக்காது. எழுபத்தொன்றாம் வருடம் பாகிஸ்தானோடு நடந்த சண்டையில் ஒரு கப்பல் மூழ்கிப்போன செய்தியைத் தேநீர்க்கடை ரேடியோவில் நின்று கேட்டவள் அவள். பெரியதாக இருந்தால் மூழ்காது என்று அப்போதிலிருந்து நம்பிக்கொண்டிருந்தாள்.

அவன் நல்லபடியாக இருக்க அய்யனாருக்கு மண் கப்பல் வைப்பதாக நேர்ந்தும் இருந்தாள். குதிரையும் பசுவும் கை காலும் வைக்கிற கோயில் அது. கப்பல் வைத்தவர் யாருமில்லை. மண்பாண்டம் செய்யும் இருளம்மாள், அம்மாவிடம் இருந்த பணத்துக்கு இடுப்புயரத்தில் ஒன்று செய்யலாம், இல்லையென்றால் முழ நீளத்தில் மூன்று செய்யலாம் என்று சொல்லிவிட்டாள். அம்மா என்னைப் பார்த்து, "போறவன் அவந்தான, அவனையே கேட்டுச் சொல்லு" என்றாள். நான் அவனைக் கேட்டேன். அவன் என்னைக் கேட்டுவிட்டான்.

"பெருசு எம்புட்டு நாள்ணே கடல்ல நிக்கும்?"

"மாசக்கணக்கா நிக்கும். ரொம்பத் தூரத்துலயே பாத்துரும். படகால அது ஆகாது, ஆடி மாசத்து அலையில திண்டாடிப் போகும். ஆனா படகு விட்ட அடி பட்டுச்சு, பெருசே காலி. பெருசு ஒன்னு வாங்குற காசுக்குப் படகு ஒரு கூட்டமே வாங்கலாம்."

"அப்பப் படகையே வாங்கட்டுமே."

"வாங்குனதெல்லாம் கடல்லயா நிக்கும்? மூணு இருந்தா ஒன்னு எப்பவும் ரிப்பேர்ல கெடக்கும். ஒன்னு போயிட்டு வந்து எளைப்பாறும். மிச்சம் ஒன்னுதான் காவலுக்கு. பெருசு ஒன்னே ஒன்னுன்னு வச்சுக்க, அது ரிப்பேருக்குப் போன அன்னைக்குக் கடல்ல ஆளே இல்ல."

எங்கள் பசு நினைவுக்கு வந்தது. இரண்டு நாட்டு மாடுகளை விற்று ஒரு சீமைப் பசு வாங்கியிருந்தோம். கறந்தால் குடம் நிறையும். பால் வற்றிய மாதங்களில் வீடே வரக்காப்பி குடித்தது. நெடுநேரம் யோசித்தேன். அவன் அவசரப்படுத்தவில்லை.

"பெருசு ஒன்னு, சிறுசு ரெண்டு" என்றேன்.

"காசு?"

முழித்தேன். அண்ணன் சிரித்தான். "டெல்லியிலயும் இதத்தான் சொல்றாகளாம். காசுன்னதும் அவுகளும் இப்பிடித்தான் முழிக்கிறாக."

பிறகு அவனே இருளம்மாளிடம் போய் மூன்று சிறியது என்று சொல்லிவிட்டு வந்தான். அம்மா கேட்டுக்கொண்டாள். அன்று குழம்பில் உப்பு கூடியிருந்தது.

அவன் கிளம்ப இரண்டு நாள் இருக்கும்போது சூளை பிரித்தார்கள். காலையிலேயே மூவரும் போனோம். இருளம்மாள் சாம்பலை ஒதுக்கி முதல் கப்பலை எடுத்து வைத்தாள். அழகாகச் சிவந்திருந்தது. புகைபோக்கி, பீரங்கி எல்லாம் அண்ணன் சொன்னபடியே. அடியில் மட்டும் குதிரைக்கு வைப்பதுபோல் நாலு தடித்த கால்கள்.

"ஏக்கா, கப்பலுக்கு எதுக்குக்கா காலு?" என்றான் அண்ணன்.

"காலில்லாம எப்பிடிலே நிக்கும்? அடி கூரா இருக்கும்னு நீதான சொன்ன. அய்யனார் கோயில்ல என்ன தண்ணியா கெடக்கு மெதக்குறதுக்கு?"

அண்ணன் சிரித்துச் சிரித்துத் தரையிலேயே உட்கார்ந்துவிட்டான். அம்மா முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள். இரண்டாவதும் நன்றாக வந்தது. மூன்றாவதைத் தொட்ட இருளம்மாள் சட்டென்று கையை இழுத்து மேலே சாம்பலைத் தள்ளினாள். அதற்குள் அம்மா பார்த்துவிட்டாள். நடுவில் பிளந்து இரண்டு துண்டாகக் கிடந்தது.

நேர்ந்துகொண்ட மண் உடைந்தால் எங்கள் ஊரில் அதைப் பற்றிப் பேசக்கூட மாட்டார்கள். அம்மாவின் முகத்தில் இருந்த சிரிப்பு அப்படியே வற்றியது. அண்ணன் மெல்ல எழுந்தான்.

"ஆத்தா, மூணுல ஒன்னு எப்பவும் ரிப்பேர்லதான் கெடக்கும். பம்பாயில வந்து பாரு, அங்கனயும் இதே கததான்."

"கேட்டுக்க மொக்கம்மா, சர்க்காருக்கே அப்பிடியாம்!" என்று அம்மாவைப் பார்த்துச் சொல்லி இருளம்மாள் தெம்பாகிவிட்டாள். "பெருசு ஒன்னச் செஞ்சு அது பொளந்திருந்தா, இன்னைக்கு வெறுங்கைய வீசிக்கிட்டுல்ல போவ?"

அம்மா கப்பல்களைப் பார்த்தாள், அண்ணனைப் பார்த்தாள், மறுபடி கப்பல்களைப் பார்த்தாள். பிறகு குனிந்து, உடைந்த இரண்டு துண்டுகளையும் சாம்பல் துடைத்து எடுத்து அண்ணனின் கைகளில் வைத்தாள். அவன் அப்படியே ஏந்திக்கொண்டு நின்றான். அம்மா ஒரு துணியைச் சுருட்டித் தலையில் வைத்து ஒரு கப்பலை ஏற்றிக்கொண்டாள். இன்னொன்றைப் பிள்ளையைப் போல இடுப்பில் இடுக்கிக்கொண்டாள்.

கோயிலுக்குச் சோளக்காட்டு வழியாகத்தான் போகவேண்டும். சோளம் ஆளுயரம் நின்றது. அம்மா அதற்குள் இறங்கினாள். கொஞ்ச தூரத்தில் அவள் தலை மறைந்தது. கதிர்களுக்கு மேலே அந்தச் சிவப்புக் கப்பல் மட்டும் நாலு காலோடு அசைந்து அசைந்து போய்க்கொண்டிருந்தது.