வெள்ளித் தம்ளரில் இலைச்சாறு

பேப்பரில் படம் வந்த நாளிலிருந்து யோகலட்சுமியால் ஓரிடத்தில் உட்கார முடியவில்லை. முதலில் அது சந்தோஷத்தில் வந்த பரபரப்பு. தென்காசிக்கு வெளியே ஒரு தனியார் கல்லூரியில் தாவரவியல் உதவிப் பேராசிரியை அவள். பக்கத்துத் துறைக்காரர்களுக்கே பெயர் சரியாகத் தெரியாது. அப்படிப்பட்டவளைப் பஸ்ஸில் ஒரு பெண், "நீங்கதான அந்த மூலிகை கண்டுபிடிச்சவிய?" என்று கேட்டதும், இறங்க வேண்டிய நிறுத்தத்தைக் கோட்டை விட்டுவிட்டாள்.

'குற்றால மூலிகையில் புற்றுநோய்க்கு மருந்து: தென்காசி பேராசிரியை சாதனை' என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தார்கள்.

அவள் செய்தது இவ்வளவுதான். மலையில் வளரும் செங்காம்பி என்ற புதர்ச்செடியின் இலையை வேகவைத்து வடித்து, அந்த நீரை வெள்ளி நைட்ரேட் கரைசலில் விட்டாள். வெளிர்மஞ்சளாக இருந்தது மெல்ல மெல்லக் காப்பி நிறமானது. கண்ணுக்குத் தெரியாத வெள்ளித் துகள்கள் உருவாகிவிட்டன என்று அதற்கு அர்த்தம். அந்தத் துகள்களைத் திருவனந்தபுரத்தில் ஓர் ஆய்வகத்துக்கு அனுப்பினாள். அங்கே தட்டில் வளர்த்த புற்றுநோய் செல்கள்மீது விட்டுப் பார்த்தார்கள். பாதிக்குமேல் செத்தன. வெளிநாட்டு ஆய்விதழ் ஒன்றில் கட்டுரை வந்தது. கல்லூரி பத்திரிகைக்காரர்களைக் கூப்பிட்டது. 'தட்டில் வளர்த்த' என்ற சொற்கள் மட்டும் வழியில் எங்கோ உதிர்ந்துபோயின. அவளும் அதைக் கவனித்தாள். கவனித்தும், செய்தியை வாட்ஸப் ஸ்டேட்டஸில் வைத்துவிட்டாள்.

பிறகு போன்கள் வர ஆரம்பித்தன. சங்கரன்கோவிலிலிருந்து, திருவேங்கடத்திலிருந்து, கடையநல்லூர்க்காரர் ஒருவர் துபாயிலிருந்து. சிலர் பேச முடியாமல் அழுதார்கள். "இது இன்னும் மருந்து ஆகலைங்க. ஆஸ்பத்திரி வைத்தியத்த விட்ராதிய" என்று ஒவ்வொருவரிடமும் சொன்னாள். சொல்லி முடித்த பிறகும், எத்தனை வேளை குடிக்க வேண்டும் என்றுதான் கேட்டார்கள். போனை மேசை டிராயருக்குள் போட்டு மூடுவாள். அடுத்த நிமிஷம் தானே திறந்து எடுத்துப் பார்ப்பாள். வகுப்பில் பாடம் நடத்திக்கொண்டிருக்கும்போதே வாக்கியம் பாதியில் நின்றுவிடும்.

சாரல் பிடித்துக்கொண்ட ஒரு திங்கட்கிழமை, நனைந்த சட்டையோடு ஒருவர் துறை வாசலில் வந்து நின்றார். கையில் அல்வாப் பொட்டலம். பெயர் ஜாய் என்றார். தென்காசியில் ஃபேன்சி ஸ்டோர் வைத்திருப்பவர். ஐம்பது வயதிருக்கும்.

"மேடம், ஒங்களுக்குக் கோடிப் புண்ணியம். என் வீட்டுக்காரி கிருபாவுக்கு மார்புல கட்டி. திருநெல்வேலில ஆபரேசன் முடிஞ்சு ஊசி போட்டுட்டு இருந்தோம். ஊசி போட்டா ஒரு வாரம் எந்திரிக்கவே மாட்டா. இப்பொ ஒங்க இலைச்சாறு குடிக்க ஆரம்பிச்சதுல இருந்து எந்திரிச்சுக் கடைக்கு வருதா, யாவாரம் பாக்குதா. கர்த்தர்தான் ஒங்களக் காட்டிக் குடுத்தாரு."

யோகலட்சுமி நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டாள். "அண்ணாச்சி, ஊசி?"

"அது வேண்டாம்னுட்டா. ரெண்டு தடவ போகல."

"ஐயோ, என்ன காரியம் பண்ணியிருக்கிய!"

அவர் முகம் மாறியதைப் பார்த்துக் குரலைத் தணித்துக்கொண்டாள். ஜாய் தயங்கித் தயங்கி அடுத்ததைக் கேட்டார். "வெள்ளி சேக்கணும்னு பேப்பர்ல போட்டிருந்துச்சே, அதான் கல்யாணத்துக்கு வந்த வெள்ளித் தம்ளர்ல ஊத்திக் குடிக்கிதா. அது போதும்லா மேடம்?"

அவளுக்குச் சிரிப்பும் வரவில்லை, அழுகையும் வரவில்லை. அவர் பைக்குள்ளிருந்து ஈரத்துணியில் சுற்றிய இலைக்கட்டை எடுத்தார், இன்றைக்கு வாங்கியது என்று. யோகலட்சுமி பிரித்துப் பார்த்தாள். காம்பு சிவப்புதான். ஆனால் செங்காம்பியின் இலை ஓரம் வழவழப்பாக இருக்கும். இதில் ரம்பம்போல் பல் பல்லாக இருந்தது. கசக்கி முகர்ந்தாள். வேறு வாடை.

"இது செங்காம்பி இல்ல அண்ணாச்சி. எங்க வாங்குனிய?"

"குத்தாலத்துல. மெயினருவிக்குப் போற பஜார்ல."

அன்று மதியம் இருந்த செய்முறை வகுப்பை வேறொருவரிடம் ஒப்படைத்துவிட்டு அவள் கிளம்பினாள். ஜாயிடம், இனி ஒரு சொட்டுகூடக் குடிக்கக் கூடாது என்று இரண்டு தடவை சொன்னாள். அவர் தலையாட்டிய விதமே, வீட்டில் போய் அவரால் அதை வற்புறுத்திச் சொல்ல முடியாது என்று காட்டியது.

சீசன் கூட்டம். ஈரத்துண்டும் ஈரப்பாவாடையுமாக ஜனம் பஜார் முழுக்க நெரிந்தது. எண்ணெய் மசாஜுக்குக் கூப்பிடுகிறவர்கள், ரம்புட்டான் குவியல்கள், கொதிக்கும் சட்டியில் நேந்திரங்காய்ச் சிப்ஸ். யோகலட்சுமி ஆட்களை இடித்துக்கொண்டே நடந்தாள். மூலிகைக் கடைகள் வரிசையில் ஓரிடத்தில் சட்டென்று நின்றாள். கயிற்றில் அவள் முகமே தொங்கிக்கொண்டிருந்தது. பேப்பர் செய்தியை லேமினேட் பண்ணி மாட்டியிருந்தார்கள். அதற்குக் கீழே தட்டில் இலைக்கட்டுகள்.

கடைக்காரன் மாடக்கண்ணு, இளந்தொப்பையும் நெற்றி நிறையத் திருநீறுமாக, அவளைப் பார்த்ததும் எழுந்து கும்பிட்டான். கள்ளமில்லாத சந்தோஷம் அவன் முகத்தில். "ஏ, நம்ம மேடம்லா! ஏலே, ஸ்டூல எடுத்துப் போடுங்கலே!"

"எனக்கு ஸ்டூல் வேண்டாம். இது என்ன எலை?"

"செங்காம்பிதான் மேடம். நீங்க சொன்னது."

"செங்காம்பி மேல மலைல, செண்பகாதேவி அருவிக்கு அங்கிட்டுல்லா கெடக்கு. இத எங்க பறிச்சிய?"

அவன் குரலைத் தாழ்த்தினான். "மேல போனா ஃபாரஸ்ட்காரன் விடுவானா? இது ஐந்தருவி ரோட்டு ஓடைக்கரைல கெடக்கு. இதுவும் செவப்புக் காம்புதான மேடம்? மூலிகைன்னா எல்லாம் ஒண்ணுக்கொண்ணு சொந்தந்தான்."

அவளுக்குக் கோபம் தலைக்கேறியது. கூட்டத்தைப் பார்த்துத் திரும்பினாள். "இந்த எலைய யாரும் வாங்காதிய! பேப்பர்ல இருக்கது நான்தான். நான் சொல்லுதேன், இது மருந்து இல்ல. இத யாரும் குடிக்காதிய!"

ஆட்கள் கூடினார்கள். படத்தையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தார்கள். மொட்டைத் தலையில் சந்தனம் பூசிய ஒரு பெரியவர் முன்னால் வந்தார். "அப்பொ சரியான எலை எதும்மா? அத நீயே காட்டிக் குடுத்துட்டுப் போ."

"அதயும் குடிக்கக் கூடாது. அது இன்னும் ஆராய்ச்சில இருக்கு."

"ஆராய்ச்சில இருந்தாத்தான பேப்பர்ல வரும்?"

"எங்க அம்மாவுக்கு நாள் கம்மின்னுட்டாங்க மேடம்," என்று கூட்டத்துக்குள்ளிருந்து ஒரு பெண் கெஞ்சினாள். "அளவு மட்டும் சொல்லுங்க."

ஒருத்தி கையைப் பிடித்தாள். இன்னொருவர் போன் நம்பர் கேட்டார். அவள் பேசப் பேசக் கூட்டம் கூடிக்கொண்டே போனது. அவளுக்குப் பின்னால் மாடக்கண்ணுவின் குரல் மட்டும் தெளிவாகக் கேட்டது. "மேடமே நேர்ல வந்திருக்காங்க, பாத்துக்கோங்க." யோகலட்சுமி கையை உருவிக்கொண்டு, தட்டிலிருந்து ஒரு கொத்தைப் பிடுங்கிப் பைக்குள் திணித்துக்கொண்டு, கிட்டத்தட்ட ஓடினாள்.

கல்லூரிக்குத் திரும்பிய கையோடு முதல்வரைப் பார்த்தாள். மறுப்பு வெளியிட வேண்டும் என்றாள். அவர் கண்ணாடியைக் கழற்றி மெதுவாகத் துடைத்தார். "அட்மிஷன் நடக்கிற நேரம்மா. ஜனங்க என்னமும் குடிச்சா நாம என்ன செய்ய முடியும்? கொஞ்சம் ஆறப்போடுங்க."

ஆறப்போட அவளால் முடியவில்லை. மறுநாள் காலை முழுதும் அந்தக் கொத்தைப் பூதக்கண்ணாடிக்கடியில் வைத்து, இலையடியில் ஒளிந்திருந்த சின்ன மொட்டு ஒன்றைப் பிரித்து, உலர்த்தி வைத்த மாதிரிகளோடு ஒப்பிட்டுக்கொண்டிருந்தாள். கடைசியில் இனம் தெரிந்துவிட்டது. ஈரலைக் கெடுக்கும் நச்சு உள்ள வகை. ஆடு மாடுகூட வாய் வைக்காமல் ஒதுக்கிவிட்டுப் போகும்.

ஆட்டோ பிடித்து நேரே ஃபேன்சி ஸ்டோருக்குப் போனாள்.

வளையல் அடுக்குகளுக்கும் ஹேர்பேண்டு அட்டைகளுக்கும் நடுவில் கிருபா உட்கார்ந்திருந்தாள். தலையில் துப்பட்டாவைக் கட்டியிருந்தாள். ஒரு பிள்ளையின் மணிக்கட்டை அமுக்கிப் பார்த்துக் கண்ணாடி வளையல் போட்டுவிட்டுக்கொண்டிருந்தாள். அந்தப் பிள்ளையும் அதன் அம்மாவும் போன பிறகுதான் நிமிர்ந்தாள். ஜாய் எதற்கோ கடைக்குள்ளே போய்விட்டார்.

"நீங்கதான் யோகலட்சுமி மேடமா? நிறுத்தணும்னு சொன்னியளாம். அவுக சொன்னாவ. நான் நிறுத்தல."

"அக்கா, நீங்க குடிக்கிறது நான் ஆராய்ச்சி பண்ண எலையே இல்ல."

"சரி, அப்பொ சரியான எலையக் கொண்டாங்க. குடிக்கேன்."

"அதும் மருந்து இல்லக்கா. நான் செஞ்சது தட்டுல. ஒரு சின்ன பிளாஸ்டிக் தட்டுல செல்ல வளத்து, அதுமேல சொட்டு விட்டுப் பாத்தோம். செத்துச்சு. அவ்வளவுதான். அந்தத் தட்டுல நல்ல உப்புத்தண்ணி ஊத்துனாலும் சாகும். ஷாம்பு ஊத்துனாலும் சாகும். அதுக்காக ஷாம்பு குடிச்சா கட்டி கரையுமா?"

கிருபா அவளை உற்றுப் பார்த்தாள். "அப்பொ நீங்க என்னத்ததான் கண்டுபிடிச்சிய?"

கட்டுரை எழுதியபோது யாரும் யோகலட்சுமியிடம் இதைக் கேட்கவில்லை. "இதுல இன்னும் தேடிப் பாக்கலாம்னு கண்டுபிடிச்சேன். அதுக்குமேல ஒண்ணும் இல்ல."

"அதுக்கா இம்புட்டுப் பெரிய போட்டோ?"

"தப்புதான்க்கா."

கிருபா முகத்தைத் திருப்பி ரோட்டைப் பார்த்தாள். "ஒங்களுக்கு அந்த ஊசி தெரியாது. போட்டா வாயெல்லாம் இரும்பு. தண்ணிகூட நாத்தம் அடிக்கும். என் கடைய நான் கண்ணால பாத்து எத்தன நாள் ஆச்சு தெரியுமா? இப்பொ இங்கன உக்காந்திருக்கேன். இத விட்டுட்டு எதுக்கு அங்க போணும், சொல்லுங்க."

"ஊசி நின்னதாலதான் தெம்பா இருக்கு. எலையால இல்ல." சொல்லிக்கொண்டே வந்தவள் பேச்சை நிறுத்தினாள். கடை வாசலில் சாரல் விட்டு வெயில் எட்டிப் பார்த்திருந்தது. அந்த வெளிச்சம் கிருபாவின் முகத்தில் நேராக விழுந்தது. "அக்கா, கொஞ்சம் இப்பிடித் திரும்புங்க. கண்ண மேல தூக்கிப் பாருங்க."

"என்னத்துக்கு?"

"பாருங்கக்கா."

பொட்டு ஒட்டிப் பார்ப்பதற்கென்று தூணில் மாட்டியிருந்த கண்ணாடியைக் கழற்றி, யோகலட்சுமி அவள் முகத்துக்கு நேரே பிடித்தாள். கிருபா இமையை விரலால் கீழே இழுத்தாள். வெள்ளை விழி மஞ்சள் பூத்திருந்தது. கடைக்குள் எரிகிற மஞ்சள் பல்பில் இத்தனை நாள் அது யாருக்கும் தெரியவில்லை.

கிருபா கண்ணாடியைக் கையில் வாங்கி, மற்றக் கண்ணையும் இழுத்துப் பார்த்தாள். பிறகு உள்பக்கம் திரும்பி, "ஏங்க, இங்க வாங்க," என்றாள். ஜாய் வந்து பார்த்தார். உடனே ஷட்டரை இழுக்கும் கம்பியைத் தேட ஆரம்பித்தார். கை அங்குமிங்கும் போயிற்றே தவிர, கண்ணெதிரே கிடந்த கம்பி அவருக்குத் தட்டுப்படவில்லை. யோகலட்சுமிதான் எடுத்துக் கொடுத்தாள்.

மூவருமாக அன்றே டாக்சியில் திருநெல்வேலி போனார்கள். கிருபா வழி முழுக்கக் கண்ணை மூடிக்கொண்டு ஏதோ ஜெபித்துக்கொண்டிருந்தாள். ரத்தப் பரிசோதனையில் ஈரல் நன்றாகவே அடி வாங்கியிருந்தது. டாக்டர் அம்மா கோபப்படவில்லை. களைப்பாகத்தான் இருந்தாள். இந்த மாதத்தில் இலைச்சாறு குடித்துவிட்டு வந்தது கிருபா மட்டும் இல்லையாம். ஈரல் தேறுகிறவரை ஊசி போட முடியாது, போடாமல் போகிற நாளெல்லாம் நஷ்டம்தான், என்ன செய்வது, காத்திருக்கத்தான் வேண்டும் என்றாள்.

அந்தக் காத்திருப்பை யோகலட்சுமியால் தாங்க முடியவில்லை. கல்லூரி வாசலில் நின்று தன் போனிலேயே வீடியோ எடுத்தாள். இரண்டு இலைகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டினாள். எதையும் குடிக்காதீர்கள், என் ஆராய்ச்சி தட்டைத் தாண்டி எங்கும் போகவில்லை என்றாள். ஆயிரக்கணக்கில் பரவியது. 'மருந்துக் கம்பெனிக்காரன்கிட்ட விலைபோயிட்டா' என்று கீழே எழுதினார்கள். முதல்வர் விளக்கம் கேட்டு மெமோ கொடுத்தார். செய்தி போட்ட பேப்பரில் உள்பக்கத்து மூலையில் ஒரு சின்னத் திருத்தம் வந்தது. குற்றாலத்துக்குப் போய்ப் பார்த்தாள். மாடக்கண்ணு லேமினேட்டைக் கழற்றியிருந்தான், அந்த இலையும் இல்லை. அவன் முகம் கொடுத்துப் பேசவில்லை. அந்தக் கெஞ்சிய பெண் தன் அம்மாவுக்கு என்ன கொடுத்தாளோ, எந்த ஊரோ, அதைத் தெரிந்துகொள்ள வழியே இல்லை. பஸ்ஸில் ஏறினால் அவள் கண் அந்த முகத்தைத் தேடியது.

திருவனந்தபுரத்து ஆய்வகத்துக்கு மறுபடி துகள்களை அனுப்பினாள், இந்தத் தடவை நல்ல செல்கள்மீது விட்டுப் பார்க்கச் சொல்லி. நல்ல செல்லும் அதே அளவுக்குச் செத்தது. அதை எழுதி அதே ஆய்விதழுக்கு அனுப்பியிருக்கிறாள். இன்னும் பதில் இல்லை.

மழை ஓய்ந்து அருவியில் தண்ணீர் மெலிந்த சமயத்தில் கிருபாவுக்கு மறுபடி ஊசி போடலாம் என்று நாள் குறித்தார்கள். போன் பண்ணியது கிருபாவேதான். "ஏம்மா, கூட வாறியா? அவுக வந்தா அழுதுட்டே இருப்பாவ, எனக்குப் பயமா இருக்கும்."

ஆஸ்பத்திரி வராந்தாவில் இருவரும் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார்கள். ஜாய் வெளியே வண்டியோடு நின்றார். கிருபாவின் கண்ணில் மஞ்சள் மறைந்திருந்தது. முகம் மெலிந்திருந்தது. கட்டி திரும்ப வளர்ந்திருக்கிறதா என்பது ஸ்கேன் எடுத்தால்தான் தெரியும்.

"நடுவுல போன நாளு திரும்ப வருமா?" என்று கிருபா கேட்டாள்.

"தெரியலக்கா."

"இதுக்காவது தெரியும்னு நீ சொல்லுவேன்னு நெனச்சேன்." அவள் லேசாகச் சிரித்தாள். "பரவால்ல. தெரியாததத் தெரியாதுன்னு சொல்லு."

நர்ஸ் பெயரைக் கூப்பிட்டாள். கிருபா எழுந்து, கைப்பையை யோகலட்சுமியின் மடியில் வைத்துவிட்டு, சேலைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு உள்ளே போனாள். கதவு சாத்திக்கொண்டது.

யோகலட்சுமி பையை அணைத்தபடி கொஞ்சம் உட்கார்ந்தாள். எழுந்து வராந்தாக் கோடிவரை நடந்தாள். திரும்பி வந்தாள். மறுபடியும் நடந்தாள்.