வகை ஒன்று

லிஃப்ட் மெக்கானிக்குக்குக் கணக்கு எங்கேயோ இடித்தது. உடம்போடு உடம்பு உரசினால்தான் ஒட்டும் என்று சொல்லப்படும் ஒரு வியாதி. அவன் வேறு யாரையும் தொடவில்லை. தானும் தொடவில்லை என்றுதான் அவன் மனைவி சொல்கிறாள். ஆனாலும் வியாதி வந்து அவள் உடம்பில் உட்கார்ந்திருக்கிறது.

கல்யாணமாகி இன்னும் ஒரு வருஷம்கூட ஆகவில்லை. போன வாரம் அவளுக்கு நல்ல காய்ச்சல். தொடை இடுக்கில் நெறி கட்டியது. சொல்லக் கூசும் இடத்தில் சின்னச் சின்ன நீர்க்கொப்புளங்கள். சிறுநீர் கழிக்கும்போது சுவரைப் பிடித்துக்கொண்டு பல்லைக் கடித்தாள். டாக்டரம்மா பார்த்ததுமே, “ஹெர்பிஸ் மாதிரி இருக்கு” என்றார். மாத்திரை கொடுத்தார். கொப்புளத்தைக் கீறிப் பஞ்சுக் குச்சியில் ஒற்றி எடுத்தார். இரண்டு பேரிடமும் ரத்தம் எடுத்து அனுப்பினார். அன்றோடு வீட்டில் பேச்சு நின்றது.

இன்றைக்கு முடிவு வருகிறது. அவள் அக்கா கைக்குழந்தையோடு காலையிலேயே வந்து இறங்கிவிட்டாள். வாசலோரம் மனைவியின் பெட்டி தயாராக நிற்கிறது.

“டாக்டர் சொல்றதுக்கு முன்னாடி நீங்களே சொல்லிடுங்க,” என்றாள் மனைவி. கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்க்கிற வேலை அவளுக்கு. எதையும் கண்ணுக்கு நேராகப் பிடித்துப் பார்க்கிற பழக்கம். இப்போது அவனை அப்படிப் பார்த்தாள். “நீங்களா சொன்னா யோசிப்பேன். அங்க போய்த் தெரிஞ்சா, அப்படியே அக்காகூடப் போயிடுவேன்.”

“சொல்ல ஒண்ணும் இல்ல.”

“மாடி மாடியா ஏறி இறங்கற உத்தியோகமாச்சே தம்பி,” என்றாள் அக்கா. “எந்த மாடியில இறங்கினீங்களோ.”

“நான் எங்கக்கா ஏறினேன்? லிஃப்டுக்கு அடியில குழிக்குள்ளதான் கிடக்கேன். வேலையில எனக்குப் பேரே பாதாளம். கூட இருக்கிறது எலி மட்டும்தான்.”

யாரும் சிரிக்கவில்லை.

டாக்ஸியில் அவன் முன்னால் உட்கார்ந்தான். என்மேல் தப்பு இல்லை, அப்படியானால் யார்மேல் என்று மனசு கேட்டது. அவள் கடைக்குப் புதிதாக வந்த விற்பனையாளனைப் பற்றிச் சிரித்துச் சிரித்துச் சொன்ன கதை நினைவுக்கு வந்தது. அந்த நினைப்பை விரட்டினான். அது போகவில்லை, ஓரமாக நின்றுகொண்டது.

அக்கா குழந்தையோடு வெளியே பெஞ்சில் இருந்துகொண்டாள். இவர்கள் இருவரும் உள்ளே போனார்கள்.

“ஹெர்பிஸ்தான். வகை ஒண்ணு,” என்றார் டாக்டர்.

“அப்போ ரிசல்ட் தப்பு டாக்டர்,” என்றான் அவன். போனில் தேடித் தேடிப் படித்திருந்தான். “ஒண்ணு வாய்க்கு வர்றது, ரெண்டுதானே கீழே வர்றது?”

“பழக்கத்தில அப்படிச் சொல்றாங்க. ஒண்ணு பெரும்பாலும் வாய்ப் பக்கம்தான். ஆனா வைரஸுக்கு விலாசம் தெரியாதே. மெல்லிய தோல் எங்க கிடைச்சாலும் குடியேறிடும்.” டாக்டர் கண்ணாடியை மேலே தள்ளினார். “உங்க ரத்தத்தில வகை ஒண்ணுக்கு எதிர்ப்புச் சக்தி இருக்கு. அது பழைய தொற்று. வகை ரெண்டுக்கு இல்ல. இவங்க ரத்தத்தில இன்னும் எதுக்குமே எதிர்ப்பு வரல. அதனால இவங்களுக்கு இது புதுசு. உங்களுக்கு ஹெர்பிஸ் வந்திருக்கா?”

“இல்ல. வந்ததே இல்ல.”

மனைவி நாற்காலியை ஓர் அங்குலம் நகர்த்திக்கொண்டாள்.

லிஃப்டில் எல்லா மாடிக் கதவுகளின் பூட்டும் ஒரே கம்பியில் வரிசையாகக் கோத்திருக்கும். ஏதாவது ஒரு கதவு சரியாகச் சேராவிட்டால் போதும், லிஃப்ட் எங்கே இருந்தாலும் அங்கேயே நின்றுவிடும். புதுசாக வேலைக்கு வருகிறவன் நின்ற இடத்தைப் போட்டுக் குடைவான். பழகினவன் கம்பியின் தலையிலிருந்து ஒவ்வொரு கதவாகப் பார்த்துக்கொண்டு வருவான். கட்டடக் காவலாளி, “அந்தக் கதவு எப்பவும் அப்படித்தான் சார்” என்று எதைச் சொல்கிறானோ, அதைப் பார்க்காமல் தாண்டிப் போகவே மாட்டான்.

இவ்வளவு நேரமும் நின்ற இடத்தையே குடைந்துகொண்டிருந்தது அவனுக்கு உறைத்தது. தலையிலிருந்து வந்தான். அவளுக்குக் காய்ச்சல் வருவதற்குக் கொஞ்சம் முன்னால், பெரிய கட்டடத்தில் லிஃப்ட் மாட்டும் வேலை. தூக்கமே இல்லை. முடித்து வீட்டுக்கு வந்தபோது உடம்பெல்லாம் சூடு. சூடு ஏறினால் அவனுக்கு எப்பவும்…

எப்பவும்.

“டாக்டர், சூட்டுக் கொப்புளம் கணக்குல வருமா?”

டாக்டர் பேனாவைக் கீழே வைத்தார். “எங்க வரும்?”

“உதட்டோரம். முதல்ல குறுகுறுன்னு இருக்கும், அப்புறம் நீர் கோத்துக்கும், கடைசியில பொருக்குத் தட்டும். தூக்கம் கெட்டா வரும். சின்ன வயசுலருந்து இருக்கு. அம்மாவுக்கும் உண்டு. நாங்க அதை ஒரு வியாதின்னே நினைச்சதில்ல.”

“அதுதான் வகை ஒண்ணு. சின்னப் பிள்ளையா இருக்கும்போது வீட்டுப் பெரியவங்க முத்தத்திலயே பல பேருக்கு ஒட்டிடும். நரம்புக்குள்ள படுத்துக் கிடக்கும், உடம்பு தளர்ந்தா எழுந்து வரும். சூடும் இல்ல, ஒண்ணும் இல்ல. கல்யாணத்துக்கு அப்புறம் வந்துச்சா?”

“ஒரே ஒரு தடவை. அந்த வேலை முடிஞ்சு வந்த அன்னிக்கு.”

மனைவி இப்போதுதான் அவன் பக்கம் திரும்பினாள். “வாய் வலிக்குதுன்னு அன்னிக்கு மூஞ்சியைத் திருப்பிக்கிட்டீங்க,” என்றாள் மெதுவாக. “முத்தம் வேணாம்னு சொல்லிட்டு, அப்புறம்…” காது மடல் சிவந்து நிறுத்தினாள்.

“போதும், எனக்குப் புரியுது,” என்றார் டாக்டர். “அந்த உதடு பட்ட இடத்திலதான் இது வந்திருக்கு.”

அவன் மூச்சு விட்டான். விற்பனையாளனை நினைத்து அவனுக்கே வெட்கமாக இருந்தது. அதைச் சொல்லிவிடலாமா என்று வாயெடுத்தான். மனைவி, “எனக்கும் என்னென்னவோ தோணுச்சு,” என்றாள். அதோடு அவன் விட்டுவிட்டான்.

வெளியே வந்ததும் அக்கா எழுந்தாள். “கிளம்பலாமா?”

“இல்லக்கா. வேற யாரும் இல்ல. இவர் உதட்டுல வந்த கொப்புளம்தான்.”

“உதட்டுல இருக்கிறது எப்படிடி அங்க…” என்று ஆரம்பித்த அக்கா, வாயை மூடிக்கொண்டு எதிர்ச் சுவரில் தொங்கிய காலண்டரைக் கவனமாகப் பார்க்கத் தொடங்கினாள்.

மனைவி சுற்றி வளைக்காமல் சொன்னாள். “ரெண்டு வகை இருக்குக்கா. எது வேணும்னாலும் எங்க வேணும்னாலும் ஒட்டும். எனக்கு வந்தது ஒண்ணு. இந்த இடத்தில அது அடிக்கடி திரும்பி வராதாம். வந்தா மாத்திரை இருக்கு, அந்த நாள்ல ஒதுங்கி இருக்கணும். பிள்ளை உண்டானா முதல்லயே டாக்டர்கிட்ட சொல்லணும். கொப்புளம் இல்லாதப்பவும் கொஞ்சம் ஒட்டலாமாம், ஆனா இருக்கிறப்பதான் அதிகம். அதனால இவருக்கு உதடு குறுகுறுத்த உடனே மாத்திரை. பொருக்கு உதிர்ந்து புதுத் தோல் வர்ற வரைக்கும் அந்த உதடு என்மேல எங்கயும் படக் கூடாது. உன் கைக்குழந்தை மேலயும்தான்.”