தண்ணீர் கொடுக்காத வீடு

ஊசிமலைப்பட்டிக்குச் சட்டங்கள் பஸ்ஸில்தான் வரும். சட்டமாக வராது, மசோதாவாக வரும். காலை பஸ்ஸில் இறங்கி, ஒரு வீடு விடாமல் போய் வாசலில் நிற்கும். வீட்டுக்காரர்கள் ஒரு செம்பு தண்ணீர் கொடுத்தால் அந்த வீடு சம்மதித்துவிட்டது என்று அர்த்தம். பொழுது சாய்கிறவரை ஒரே ஒரு வீடு தண்ணீர் கொடுக்காமல் இருந்தாலும் போதும், மசோதா சாயங்கால பஸ்ஸைப் பிடித்துத் தலைநகருக்குத் திரும்பிவிட வேண்டும்.

இதுவரை எதுவும் திரும்பிப் போனதில்லை. வந்ததெல்லாம் நல்ல மசோதா என்பதால் அல்ல. வாசலில் வந்து நிற்கிறவரைத் தொண்டை காய வைக்க அந்த ஊர்க்காரர்களுக்கு மனசு வராது. கிணற்று வரி மசோதா ஒரு பருத்த அம்மாளாக, மூச்சு வாங்கிக்கொண்டு வந்தபோது தண்ணீர் போதாதென்று மோரும் கொடுத்தார்கள். அந்த வரியை இன்றைக்கும் கட்டுகிறார்கள்.

அடுத்த நாள் வரப்போவது துப்பாக்கி மசோதா என்று பஸ் கண்டக்டர் வந்து சொன்னார். அதற்கு இரண்டு பிரிவுகளாம். முதல் பிரிவின்படி, மலையோரத்தில் காடு கரை வைத்திருப்பவர்கள் பன்றி விரட்ட வைத்திருக்கும் துப்பாக்கியெல்லாம் அரசாங்கத்துக்குப் போய்விடும். இரண்டாம் பிரிவின்படி, அதிகாரிகள் எந்த வீட்டுக்குள்ளும் கதவைத் தட்டாமல் நுழையலாம், எந்தப் பெட்டியையும் திறந்து பார்க்கலாம்.

அன்று மாலை பால் சொசைட்டி வாசலில் ஊர் கூடியது. ஊர்ப் பெரியதனம் பார்க்கும் ஒச்சப்பன் மேசை மேல் ஏறி நின்று வாய் கிழியப் பேசினார். "வரட்டும் பாத்துக்கிருவோம். என் வீட்ல ஒரு சொட்டுத் தண்ணி கெடைக்காது. நாக்கு வறண்டு சாகட்டும்!" எல்லோரும் கை தட்டினார்கள். சிந்தாமணி தட்டவில்லை. ஒச்சப்பனை அவளுக்குத் தெரியும். தன்னையும் தெரியும்.

சிந்தாமணியின் வீடுதான் ஊரில் கடைசி வீடு. அதைத் தாண்டினால் அவளுடைய மக்காச்சோளக் காடு, அப்புறம் மலை. அந்தக் காட்டில்தான் அவள் கணவன் பெருமாள்ராசுவைப் பன்றி கிழித்துப் போட்டது. அவனுடைய ஒற்றைக்குழல் துப்பாக்கிக்கு அவள் பெயரில் லைசென்ஸ் மாற்றி வாங்குவதற்குள் செருப்பு தேய்ந்துவிட்டது. அவள் பன்றியைக் குறிபார்த்ததில்லை. வானத்தைப் பார்த்துச் சுடுவாள், பன்றிகள் மரியாதையாகத் திரும்பிவிடும். தேர்தல் வந்தால் எல்லோரையும்போல அவளும் துப்பாக்கியைப் போலீஸ் ஸ்டேஷனில் ஒப்படைப்பாள். போன தேர்தலில் ஈரச்சுவரில் சாய்த்து வைத்திருந்தார்கள் போலிருக்கிறது, இருமலோடு திரும்பி வந்தது. அவள் மிளகு கஷாயம் வைத்து ஊற்றிப் பார்த்தாள். ஓரளவு குறைந்தது.

உள்ளறையில் ஒரு டிரங்குப் பெட்டியும் இருந்தது. அதில் என்ன இருக்கிறது என்று கேட்காதீர்கள். கதை சொல்கிறவன்கூடத் திறந்து பார்க்கவில்லை. அது அவள் பெட்டி.

விடிந்ததும் சிந்தாமணி வீட்டிலிருந்த தண்ணீரையெல்லாம் தென்னைக்கு ஊற்றினாள். குடம், தவலை, செம்பு எல்லாவற்றையும் கவிழ்த்து வைத்தாள். கிணற்றுக் கயிற்றைக் கழற்றிக் கூரை மேல் எறிந்தாள். தண்ணீர் இருந்தால் கை தன்னால் போய்ச் செம்பை எடுத்துவிடும். பிறகு நிலைப்படிக்கு உட்பக்கம் நின்றுகொண்டாள்.

மசோதா ஒல்லியான பையனாக வந்திருந்தது. காலேஜ் முடித்து வேலை தேடுகிற வயது. இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டை, கழுத்துப் பட்டி விறைப்பாக நின்றது. வலது உள்ளங்கையில் முதல் பிரிவு எழுதியிருந்தது, இடது உள்ளங்கையில் இரண்டாம் பிரிவு. எந்த வாசலிலும் அவன் இரண்டு கைகளையும் விரித்துக் காட்டினான். மறைத்தான் என்று அவனைச் சொல்ல முடியாது.

முதலில் ஒச்சப்பன் வீட்டுக்குத்தான் போனான். ஒச்சப்பன் மார்பை நிமிர்த்திக்கொண்டு வெளியே வந்தார், அவனுடைய காய்ந்த உதட்டைப் பார்த்தார். "அடடா, வெயில்ல நிக்கிறீகளே தம்பி," என்றார். செம்பு வந்துவிட்டது. அவன் குடித்து முடித்ததும் ஒச்சப்பனின் துப்பாக்கி ஆணியிலிருந்து இறங்கி வந்து அவனுக்குப் பின்னால் நின்றது. வீட்டுக் கதவும் கீலிலிருந்து கழன்று, ஒருக்களித்து வாசலைத் தாண்டி, துப்பாக்கிக்குப் பின்னால் நின்றது. அடுத்த வீட்டிலும் அப்படித்தான். அதற்கடுத்த வீட்டில் தண்ணீரோடு ஒரு துண்டு வெல்லமும் கொடுத்தார்கள்.

குடிக்கக் குடிக்க அவனுக்குத் தாகம் கூடியது. மசோதாக்களின் உடம்பு வாகு அது. உச்சிவெயிலில் அவன் சிந்தாமணி வாசலுக்கு வந்தபோது, ஊரின் துப்பாக்கிகளும் கதவுகளும் தெருவை அடைத்துக்கொண்டு பின்னால் நின்றன. அவன் உதடு வெடித்திருந்தது.

"அக்கா, கொஞ்சம் தண்ணி."

"தரமாட்டேன் தம்பி," என்றாள் சிந்தாமணி.

அவன் தலையாட்டிவிட்டுக் கைகளை விரித்துக் காட்டினான். அவள் இரண்டையும் நிதானமாகப் படித்தாள். படித்த பிறகும் அவள் பதிலில் மாற்றமில்லை. அவன் அங்கேயே நின்றான். நிற்பது அவன் வேலை. நிலைப்படிக்கு இந்தப் பக்கம் அவளும் நின்றாள். வாசலை விட்டு அவள் நகர்ந்தால் வீடு திறந்த வீடாகிவிடும், அவன் தானே உள்ளே போய் எடுத்துக் குடிக்கலாம் என்பது விதி. கயிறு இல்லாத கிணறும் கிணறுதான்.

நேரமாக ஆக அவளுக்கும் நாக்கு ஒட்டிக்கொண்டது. அவன் முகத்தைப் பார்க்கக் கூடாது என்று கழுத்துப் பட்டியையே பார்த்துக்கொண்டிருந்தாள். பட்டியும் வியர்வையில் துவண்டுபோனது. அவளுக்குப் பாவமாக இருந்தது. யாரோ பெற்று அனுப்பிய பிள்ளை மாதிரிதான் நின்றான்.

"ஒன்ன யாருப்பா எழுதுனது?" என்று கேட்டாள்.

"தெரியாதுக்கா. அவசரத்துல எழுதுனாங்க."

அப்போது காட்டுப் பக்கம் சோளத்தட்டை முறிகிற சத்தம் கேட்டது. துப்பாக்கிகளெல்லாம் வரிசையில் நிற்கிற செய்தி மலைக்குப் போய்விட்டது. பட்டப்பகலில் பன்றிகள் குடும்பம் குடும்பமாக இறங்கி, தெருவில் நின்ற துப்பாக்கிகளின் கண் முன்னாலேயே, பந்திக்குப் போகிறவர்கள்போல அவசரமில்லாமல் நடந்தன. துப்பாக்கிகள் அசையவில்லை. அவை இப்போது அரசாங்கத்தைச் சேர்ந்தவை. உள்ளே சுவரில் சிந்தாமணியின் துப்பாக்கி மட்டும் இருமியது. மறுபடி மறுபடி இருமியது.

ஓடிப்போய் ஒரு வெடி வெடித்தால் போதும். ஆனால் ஓடினால் வாசல் போய்விடும். வாசல் போனால் துப்பாக்கியும் போகும், பெட்டியும் போகும். கதிர் பால் பிடித்திருந்த சோளம் கண்ணெதிரே சாய்ந்தது. ஒரு வருஷச் சாப்பாடு அது.  சிந்தாமணி நிலைக்கட்டையை இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டு நின்றாள்.

ஒச்சப்பன் வந்தார். கையில் செம்பு இருந்தது. நேற்றுப் பேசிய குரல் இல்லை.

"ஆத்தா, எப்படியாவது தாக்குப்பிடிச்சிரு. கதவில்லாத வீட்ல என் பொஞ்சாதி சேலை மாத்த முடியாம மூலையில ஒக்காந்திருக்கா. அடுத்த வீட்டுக்காரன் என் அடுப்புல என்ன வேகுதுன்னு அங்கயிருந்தே சொல்றான். ஊரே ஒன்னத்தான் நம்பி இருக்கு. இந்தா, நீ ஒரு வாய் குடி."

"அத அங்கிட்டு கொண்டு போங்க."

"ஒனக்குத்தான ஆத்தா குடுக்கேன்."

"செம்பு என் கைக்கு வந்தா அவன் கைக்குப் போயிரும்ண்ணே. என்னால முடியாது. கொண்டு போயிருங்க."

ஒச்சப்பன் தலையைக் குனிந்துகொண்டு போனார். போகிற வழியில் வரிசையில் நின்ற தன் கதவை ஒருமுறை தொட்டுப் பார்த்தார். அது அவரை அடையாளம் கண்டதாகத் தெரியவில்லை.

பொழுது இறங்குகிற நேரத்தில் மலையிலிருந்து மழை வந்தது. முன்னறிவிப்பில்லாத பெருமழை. சிந்தாமணி வீட்டுத் தாழ்வாரத்திலிருந்து தண்ணீர் சரம் சரமாக ஒழுகி அவன் தலையில் விழுந்தது, நெற்றியில் வழிந்தது. வாயைத் திறந்தால் போதும். சிந்தாமணி அவன் வாயையே பார்த்தாள். தாழ்வாரம் அவளுடையது. அதிலிருந்து விழுகிற தண்ணீர் அவள் கொடுத்ததா இல்லையா என்று அவளுக்கே தெரியவில்லை.

அவன் உதட்டை இறுக்கி மூடி, முகத்தைத் திருப்பிக்கொண்டான். "இது குடுத்த தண்ணி இல்லக்கா," என்றான். மழை நின்றபோது சட்டை உடம்போடு ஒட்டியிருந்தது, உள்ளங்கைகளில் எழுத்தெல்லாம் கரைந்து ஒன்றுமில்லாமல் இருந்தது.

சூரியன் மலைக்குப் பின்னால் இறங்கியது. பஸ் ஹாரன் கேட்டது. அவன் கும்பிட்டுவிட்டுத் திரும்பி நடந்தான். துப்பாக்கிகளும் கதவுகளும் கலைந்து அவரவர் வீட்டுக்குப் போயின. இருட்டிக்கொண்டு வந்ததால் சில கதவுகள் வீடு மாறிவிட்டன. ஒச்சப்பன் வீட்டுக்கு ஒரு பச்சைக் கதவு வந்தது, அவர் உள்ளே போய் அதையே தாழ் போட்டுக்கொண்டார்.

இனிமேல் தண்ணீர் கொடுக்கலாம், அது வெறும் தண்ணீர். சிந்தாமணி உள்ளே ஓடினாள். குடங்களெல்லாம் கவிழ்ந்து கிடந்தன. தாழ்வாரத்தில் சொட்டிக்கொண்டிருந்ததை இரண்டு கைகளிலும் ஏந்திக்கொண்டு பஸ் ஸ்டாப்புக்கு ஓடினாள். பஸ் கிளம்பிவிட்டது. ஜன்னலில் அவன் தலை சாய்ந்திருந்தது. தண்ணீர் விரலிடுக்கில் ஒழுகித் தீரும்வரை அங்கேயே நின்று அழுதாள்.

காலையில் காட்டைப் போய்ப் பார்த்தாள். நிமிர்ந்து நின்ற தட்டை ஒன்றுகூட இல்லை. பன்றிகள் வேலியைத் திருப்பிக் கட்டிவிட்டுத்தான் போயிருந்தன. வீட்டுக்கு வந்து பெட்டியைப் பார்த்தாள், பூட்டியிருந்தது. துப்பாக்கியைப் பார்த்தாள், ஆணியில் இருந்தது. கூரையிலிருந்து கயிற்றை எடுத்து, ஒரு குடம் தண்ணீர் இறைத்து, அண்ணாந்து குடிக்கப் போன நேரத்தில் காலை பஸ் வந்து அவள் வீட்டு வாசலிலேயே நின்றது.

கண்டக்டர் ஒரு துணிச்சுருளோடு இறங்கி அதை நிலைப்படிக்கு வெளியே பதமாக வைத்தார்.

"நேத்து வந்த மசோதாதாம்மா. திருத்தம் செஞ்சு அனுப்பியிருக்காங்க," என்றார். "தண்ணிக்குப் பதிலா பால்னு மாத்தியிருக்கு." விசில் ஊதினார், பஸ் போய்விட்டது.

துணிக்குள் ஒரு கைக்குழந்தை இருந்தது. மூடிய இரண்டு பிஞ்சுக் கைகளுக்குள் பொடி எழுத்தில் இரண்டு பிரிவுகளும் இருந்தன. வெயில் பட்டதும் அது வீரிட்டு அழுதது. தெருவில் ஒவ்வொரு வீட்டிலும் பெண்கள் எழுந்து கதவுப் பக்கம் வருவது கேட்டது. ஒச்சப்பன் மனைவி பச்சைக் கதவைத் திறந்து, கையில் பால் டம்ளரோடு நின்றாள்.

சிந்தாமணி குடத்தை மறுபடி கவிழ்த்தாள். அடுப்படியிலிருந்த பாலைத் தென்னைக்கு ஊற்றினாள். முந்தானையால் குழந்தையின் முகத்துக்கு வெயில் மறைத்து, நிலைப்படிக்கு உட்பக்கம் உட்கார்ந்தாள். அழுகை கூடியது. அவளுக்கு மார்பு வலித்தது. சூரியன் இப்போதுதான் ஏறத் தொடங்கியிருந்தது, பொழுது சாய ஒரு முழுப் பகல் இருந்தது.

சுவரில் துப்பாக்கி இருமித் தொண்டையைச் சரிசெய்துகொண்டது. ஆணியிலிருந்து இறங்கி, தரையில் கட்டை தட்டத் தட்ட நடந்து வந்து, அவள் பக்கத்தில் நிலைக்கட்டையில் சாய்ந்து நின்றது. பிறகு ஆராரோ பாட ஆரம்பித்தது. குழந்தை ஒரு நொடி அழுகையை நிறுத்திக் கேட்டது.

"இன்னும் கொஞ்சம் மெதுவா," என்றாள் சிந்தாமணி.