அந்தோனியாருக்குப் பின்னால்

நாயாற்றங்கரை ஐஸ் தொழிற்சாலையின் கட்டுப்பாட்டுத் திரையை வடிவமைத்தவள் நான்தான். போட்டுக் கொடுத்த நாளில் தலைகால் தெரியாத பெருமை எனக்கு. ஒரே திரையில் நாற்பது விளக்குகள், பச்சையும் மஞ்சளும் சிவப்புமாக மினுங்கும். பார்த்தவர்கள் எல்லாரும் வாயைப் பிளந்தார்கள்.

ஒரு வருடம் கழித்து, காலை பத்து மணிக்குப் பரிசோதனைக்குப் போனேன். திரையை இயக்கும் கிறேஸ் அக்கா கதிரையை இழுத்துப் போட்டார். திரையின் வலது மூலையில் புனித அந்தோனியார் படம் ஒட்டியிருந்தது.

"என்னக்கா இது?"

"அந்த மூலையில எந்த நேரமும் சிவப்பு மினுங்கும் பிள்ளை. ஐஸ் அறைக் கதவைத் திறந்தாலே மினுங்கும், ஒரு நாளைக்கு நூறு தரம். அதோட வாற மணிச் சத்தத்தை முந்தியே நிப்பாட்டியாச்சு. கண்ணுக்கும் கரைச்சலாக் கிடந்தது, அதான் அந்தோனியாரை ஒட்டி விட்டனான்."

கதவு திறந்தாலும் அதே சிவப்பு, அறையைக் குளிராக்கும் நச்சு வாயுவான அமோனியா உள்ளே கசிந்தாலும் அதே சிவப்பு. இடத்தை மிச்சம் பிடிக்க இரண்டையும் ஒரே மூலையில் வைத்த மகா கெட்டிக்காரி நான்.

படத்தை உரித்தேன். சிவப்பு மினுங்கியது. கீழே பொடி எழுத்தில் அமோனியா என்று இருந்தது. பக்கத்தில் எண் ஏறிக்கொண்டே போனது.

"அக்கா, உள்ளுக்கை ஆர் நிக்கினம்?"

"இவர்தான். ஐஸ் அடுக்கப் போனவர்..."

அவருடைய கணவர் தோமஸ்.

வாயு வரும் வால்வை உடனே மூட வேண்டும். பொத்தானைத் தேடினேன். ஒரே நீலத்தில், ஒரே அளவில் இருபது பொத்தான்கள். நான் வைத்த பொத்தான் எனக்கே அகப்படவில்லை. ஒரு மனிதன் என்னால் சாகப்போகிறான் என்பது மட்டும் தெரிந்தது.

கிறேஸ் அக்கா என்னைத் தள்ளிவிட்டு, நகத்துக்குப் பூசும் கியூட்டெக்ஸால் தானே பொட்டு வைத்திருந்த ஒரு பொத்தானை அழுத்தினார். வால்வு மூடியது. அவர் கத்திக்கொண்டு வெளியே ஓடினார்.

முகமூடி போட்ட இரண்டு பேர் தோமஸ் அண்ணையை இழுத்து வந்தார்கள். கண் திறக்க முடியாமல், கதவு எங்கே என்று சுவரைத் தடவிக்கொண்டு நின்றிருக்கிறார். இருமினார். அந்த இருமலைக் கேட்ட பிறகுதான் எனக்கு மூச்சு வந்தது. கிறேஸ் அக்கா என்னை ஏசவில்லை. ஏசியிருந்தால் கொஞ்சம் ஆறியிருக்கும்.

அப்போதுதான் நினைவு வந்தது. இதே திரையை இன்னொரு ஐஸ் தொழிற்சாலைக்கும் போட்டுக் கொடுத்திருக்கிறேன். அங்கே இயக்குபவன் நிரஞ்சன். உடனே அழைத்தேன்.

"தம்பி, திரையின்ர வலது மூலையில சிவப்பு ஏதும் மினுங்குதோ?"

"தெரியாது மிஸ்," என்றான் சிரித்தபடி. "அதுக்கு மேல கலண்டர் எல்லோ தொங்குது."