இறக்கத்தில் நிறுத்திய கார்

கார் கம்பெனி சர்வீஸ் சென்டரில் கடைசி பிரேக் பேடை உள்ளே தள்ளிப் பொருத்துமுன் அமல்தாஸ் அதை இருமுறை திருப்பிப் பார்த்தான். வருடக்கணக்காகச் செய்கிற வேலைதான். ஆனால் இந்தப் பேடு வந்த பெட்டியில் கம்பெனி பெயர் இல்லை. காரின் சொந்தக்காரர் தமிழ்ச்செல்வன் பெங்களூரிலிருந்து வாங்கி வந்தது. பந்தயக் கார்களுக்குப் போடுகிற ரகமாம்.

"வாரண்டி இருக்கற வண்டிங்க. வெளி பேடு போட்டா கம்பெனி ஒத்துக்காதுங்களே சார்" என்று காலையிலேயே சூப்பர்வைசர் நவநீதனிடம் சொல்லிப் பார்த்திருந்தான்.

"எனக்குத் தெரியாதா? கிரானைட் குவாரி ஓனரு. அவரு மனசு வெச்சா இன்னும் நாலு வண்டி நம்மகிட்ட வரும். ஜாப் கார்டுல வெறும் வாட்டர் வாஷ்னு போட்டுக்கறேன். நீ மாட்டு."

நவநீதன் கெட்டவர் என்று சொல்லிவிட முடியாது. அடுத்த மாதம் அமல்தாஸை நிரந்தரமாக்கச் சொல்லி மேலே பரிந்துரைத்தவரே அவர்தான். நிரந்தரமானால் பிரசவச் செலவு கம்பெனி காப்பீட்டில் போய்விடும். பொம்மிடி வீட்டில் மனைவி ஆக்சிலியாவுக்கு ஏழாம் மாதம். கால் வீங்கியிருக்கிறது, ரத்தக்கொதிப்பு என்று டாக்டர் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போகச் சொல்லியிருந்தார். அதனால் மாட்டினான்.

தமிழ்ச்செல்வன் காரை ஓட்டிப் பார்க்கக் கிளம்பியபோது அமல்தாஸும் பக்கத்து சீட்டில் உட்கார்ந்தான்.

"புதுப் பேடு டிஸ்க்கோட பழகணும் சார். வேகத்துல நாலஞ்சு தடவ அழுத்திப் புடிங்க. அப்பறம் நிறுத்தாம மெதுவா ஓட்டுங்க, சூடு ஆறணும். சூட்டோட நிறுத்தி மிதிச்சிக்கினே இருந்தா பேடு டிஸ்க்குல ஒட்டிக்கும். அப்பறம் பிரேக் புடிச்சா வண்டி ஒதறும்."

"சரி சரி" என்றார் தமிழ்ச்செல்வன். தொப்பூர் கணவாய் இறக்கத்தில் அவருக்கு ஒரே குஷி. பிடித்தார், விட்டார், மறுபடி பிடித்தார். லாரிக்காரர்கள் திட்டிக்கொண்டே ஒதுங்கினார்கள். ரப்பர் கருகுகிற மாதிரி நாற்றம் உள்ளே வந்தது. பாதி இறக்கத்தில் முனியப்பன் கோயில் தெரிந்ததும் ஓரம் கட்டினார். வண்டியில் என்ன வேலை பார்த்தாலும் அங்கே கற்பூரம் காட்டாமல் அவர்கள் வீட்டு வண்டி தாண்டியதில்லை.

"சார், இங்க நிறுத்த..." என்று ஆரம்பித்தான் அமல்தாஸ்.

"நிறுத்தாம?" தமிழ்ச்செல்வனின் பார்வை அவன் காலருக்குள் தெரிந்த, மாதா படம் தைத்த உத்தரியக் கயிற்றுக்குப் போய்த் திரும்பியது.

வேதக்காரன் சாமியிடம் நிறுத்தாதே என்கிறான் என்று ஆகிவிடுமோ? அதுவும் இவரிடம்? "ஒண்ணுமில்லீங்க சார்" என்றான். பூசாரி காருக்கு முன்னால் நின்று நிதானமாகக் கற்பூரம் காட்டினார். சரிவில் கார் நகராமலிருக்க தமிழ்ச்செல்வன் பிரேக்கை அழுத்தி மிதித்தபடியே கையெடுத்துக் கும்பிட்டார். அமல்தாஸ் அந்தக் காலையே பார்த்துக்கொண்டிருந்தான்.

மூன்றாம் நாள் கார் திரும்பி வந்தது. பிரேக் பிடித்தால் ஸ்டியரிங் கையை உதறுகிறது. "வாரண்டியில புது டிஸ்க் போட்டுக் குடுங்க" என்றார் தமிழ்ச்செல்வன். சென்னையிலிருந்து வந்த கம்பெனி இன்ஜினியர் சக்கரத்தைக் கழற்றச் சொன்னார். பேடைப் பார்த்ததும், "இதை யார் போட்டது?" என்றார்.

நவநீதன் அமல்தாஸை டயர் அடுக்குக்குப் பின்னால் கூட்டிப்போனார்.

"கஸ்டமர் குடுத்ததுன்னா வாரண்டி போயிடும். நான் சொல்லி மாட்டுனன்னா என் வேலை போயிடும். நம்ம ஆளு தெரியாம மாட்டிட்டான்னா யாருக்கும் நஷ்டமில்ல, கம்பெனியே டிஸ்க் குடுத்துரும். நீ ஒத்துக்கோ. இப்ப வேலைய விட்டு நிறுத்துவாங்க, ரெண்டு மாசம் கழிச்சு நானே திருப்பி எடுத்துக்கறேன்."

"ரெண்டு மாசத்துல பிரசவம் சார்."

"எனக்கும் புள்ளைங்க இருக்குதுப்பா."

இன்ஜினியர் மறுபடி கேட்டார். தமிழ்ச்செல்வன் போனைப் பார்த்துக்கொண்டிருந்தார். கோயிலில் வாயை மூடிக்கொண்டது போலவே இங்கேயும் அமல்தாஸ் பேசாமல் நின்றான். அதையே ஒப்புதலாக எடுத்துக்கொண்டார்கள்.

புது டிஸ்க்கையும் கம்பெனி பேடையும் அவனையே மாட்டச் சொன்னார்கள். அந்த வண்டி மற்றவர்களுக்குப் பழக்கமில்லை. மாட்டி முடித்ததும் அவனை வேலையை விட்டு நிறுத்தி, யூனிஃபார்ம் சட்டையைக் கழற்றி வாங்கிக்கொண்டார்கள். வீட்டிலிருந்தே அதைப் போட்டுக்கொண்டு வந்தவனிடம் மாற்றுச் சட்டை இல்லை. பனியனோடு நின்றான்.

தமிழ்ச்செல்வன் நான்கு எலுமிச்சம்பழங்களை நீட்டினார். "டயருக்கு அடியில வைப்பா." வைத்தான். கார் அவற்றை நசுக்கிக்கொண்டு நகர்ந்தது.

"முனியப்பன்கிட்ட சூட்டோட நிறுத்தாதீங்க சார்" என்றான் அமல்தாஸ். இந்தமுறை சத்தமாகவே சொன்னான். அதற்குள் கண்ணாடி ஏறிவிட்டது.

கார் கேட்டைத் தாண்டியதும் வாட்ச்மேன் கூப்பிட்டார். "ஏம்ப்பா, தரை வழுக்குது. அந்தப் பழத்தையெல்லாம் பொறுக்கிப் போட்டுட்டுப் போ."

அமல்தாஸ் குனிந்தான். உத்தரியம் பனியனுக்கு வெளியே வந்து தொங்கியது. விரல் வெடிப்புகளில் எலுமிச்சைச் சாறு எரிய, ஒவ்வொன்றாகப் பொறுக்கினான்.