இன்னொருவாட்டி படி

1988 மே 3, செவ்வாய். இன்று பயிற்சித் தேர்வில் ஒரு சிறிய தவறு. மேரி “இன்னொருவாட்டி படி” என்று கேட்டபோதெல்லாம் கடிகாரத்தை நிறுத்திவிட்டேன். அந்த நேரத்தைக் கணக்கில் சேர்க்காமல் மார்க்கை அப்படியே போட்டேன். என்னைவிட அவளுக்கு அதிகம். இனி நிறுத்தக் கூடாது.

திண்டிவனம் திரும்பும் பஸ்ஸில் முழங்கால்மேல் டைரியை வைத்துத் துரைக்கண்ணு இதை எழுதினான். எழுத்து ஆடி ஆடி வரியைவிட்டு இறங்கிக்கொண்டே போனது. எதையும் எழுதிவைத்தால்தான் அவனுக்கு நம்பிக்கை வரும். பிளஸ் டூவில் நல்ல மார்க் வாங்கியிருந்தும், அது யாருக்கோ வர வேண்டியது தவறித் தனக்கு வந்துவிட்டதோ என்று சந்தேகப்பட்டவன். அப்பாவுக்குக் கிளியனூர்ப் பக்கம் நிலம். இவன் படிப்புக்காகத் திண்டிவனத்தில் அத்தை வீட்டில் இருந்தான். பெங்களூரில் புதிதாகச் சட்டக் கல்லூரி தொடங்குகிறார்கள், நுழைவுத் தேர்வு எழுதித்தான் சேர முடியும் என்று கேள்விப்பட்டதும், விழுப்புரத்தில் மாசிலாமணி சார் நடத்திய மாலை வகுப்பில் போய்ச் சேர்ந்தான். சார் பேங்க் பரீட்சைக்குச் சொல்லிக்கொடுப்பவர். “சட்டமா? அதுலயும் இங்கிலீஷும் பொது அறிவும்தானேப்பா, ஒக்காரு” என்று கடைசி பெஞ்சைக் காட்டினார். அங்கே ஏற்கெனவே ஒருத்தி உட்கார்ந்திருந்தாள். விரல் நுனியெல்லாம் பிளாஸ்திரி.

இருதயமேரி. அவள் குடும்பம் முகையூர்ப் பக்கத்திலிருந்து பிழைப்புத் தேடி விழுப்புரத்துக்கு வந்தது. அவளும் அவள் அம்மா சவுரியம்மாளும் மார்க்கெட் கமிட்டிக்குப் பின்னாலிருந்த கோடவுனில் விதைக்கான மல்லாட்டையை, அதாவது நிலக்கடலையை, உடைத்தார்கள். மிஷினில் போட்டால் பருப்பின் மூக்கு உடைந்துவிடும், முளைக்காது. விதைக்கென்றால் கையால்தான் உடைக்க வேண்டும். காலையிலிருந்து சாயங்காலம் வகுப்பு தொடங்கும்வரை அவள் கை ஓயாது. வகுப்பு முடிந்து வீட்டுக்குப் போனால் சோறாக்க வேண்டும். கன்னியாஸ்திரிகள் நடத்திய விடுதியில் தங்கிப் படித்தவள் என்பதால் ஆங்கிலம் அவள் காதில் ஊறியிருந்தது. கண்ணுக்குத்தான் அது அவ்வளவாகப் பழகவில்லை. இதைத் துரைக்கண்ணு அப்போது யோசிக்கவில்லை.

அவனிடம் பயிற்சிப் புத்தகம் ஒன்று இருந்தது. மெட்ராஸுக்குப் போய் வாங்கிவந்தது. பாடத்துக்கு ஒரு கலர் பென்சில் வைத்து அடையாளம் போட்டிருந்தான்.

“ஒரு ராத்திரிக்கு அத்தக் குடேன். பாத்துட்டு காலையில தந்துடறேன்” என்று முதல் வாரத்திலேயே மேரி கேட்டாள்.

“பின்னாடி பக்கத்துல விடை இருக்குது. நீ பாத்துட்டா பயிற்சியே கெட்டுப்போயிடும். நான் சீக்கிரம் வந்து படிக்கிறேன், நீ கேட்டுக்கினே வேலையப் பாரு.”

அவன் பொய் சொல்லவில்லை. அதுதான் சரியான முறை என்று நிஜமாகவே நம்பினான். கடலைத் தொலியும் மண்ணும் ஒட்டிய அந்தக் கையில் புத்தகம் என்ன ஆகுமோ என்ற நினைப்பும் உள்ளே எங்கோ இருந்தது. அதை மட்டும் டைரியில் எழுதவில்லை.

அன்றிலிருந்து மத்தியான பஸ்ஸிலேயே வந்துவிடுவான். கோடவுன் வாசலில் கவிழ்த்துப்போட்ட கூடைமேல் உட்கார்ந்து ஆங்கிலத்தில் கேள்வியை வாசிப்பான். மேரி கேட்டபடியே உடைப்பாள். அம்மாவுக்கும் மற்றப் பெண்களுக்கும் அதைத் தமிழில் சொல்வாள். உள்ளே ஒரு கோர்ட்டே நடக்கும்.

“சட்டம் இன்னா சொல்லுதுன்னா, அனுமதி வாங்கிக்கினு வர்றவங்களுக்கு மட்டுந்தான் நெலத்துக்காரன் பொறுப்பு. இப்ப ஒருத்தன் கெணத்துக்குச் சுவரு கட்டாம உட்டுட்டான். அடுத்தவன் மாடு வந்து உழுந்து செத்துப்போச்சு. நஷ்டத்த யாரு தரணும்?”

“கெணத்துக்காரந்தான். வாயில்லா ஜீவனாச்சே” என்றாள் சவுரியம்மாள்.

“நியாயத்துக்குத் தரணும்மா. கேள்வி நியாயத்தக் கேக்கல, மேல குடுத்திருக்கற சட்டத்தக் கேக்குது. மாடு பர்மிஷன் வாங்கிக்கினா வந்துச்சு? அவன் தப்பிச்சிக்குவான்.”

“அடிப் பாவி, படிக்கறதுக்கு முந்தியே பணக்காரன் பக்கம் பேசறா பாரு” என்று பக்கத்தில் உடைத்துக்கொண்டிருந்த கோவிந்தம்மாள் தொலியை அவள்மேல் எறிந்தாள். “மாட்ட வுடு. இந்தத் தம்பி தெனம் நம்ம வாசல்ல வந்து ஒக்காருதே, அது யாருகிட்ட பர்மிஷன் வாங்குச்சு?”

கோடவுனே சிரித்தது. துரைக்கண்ணு காது சிவக்க அடுத்த கேள்விக்குத் தாவினான். விடைகளை அவன் வாசித்து முடிக்குமுன் மேரி சொல்லிவிடுவாள். நீளமான பத்தியென்றால் மட்டும் “இன்னொருவாட்டி படி” என்பாள். அவன் மறுபடி படிப்பான், இன்னும் நிறுத்தி, இன்னும் தெளிவாக. கடிகாரத்தை நிறுத்தக் கூடாது என்று எழுதிவைத்த பிறகும் நிறுத்தினான். அவள் ஜெயிப்பதைப் பார்க்க அவனுக்குப் பிடித்திருந்தது. தனக்குக் கிடைக்காவிட்டாலும் இவளுக்குக் கிடைத்துவிடும் என்று நினைத்துக்கொள்வான். அந்த நினைப்பு பரீட்சை பயத்தைக் கொஞ்சம் தணித்தது.

தேர்வு மெட்ராஸில். மூன்று பேரும் விடிகாலை பாஸஞ்சரில் போனார்கள். சவுரியம்மாள் கேப்பை அடை சுட்டு எடுத்துவந்திருந்தாள். “தம்பி, நீங்க ரெண்டு பேரும் கறுப்பு கோட்டு போட்டுக்கினு வந்தா எனக்கு அடையாளம் தெரியாது. ஒரு கொரலு குடுங்க” என்றாள்.

தாளைத் திருப்பியதும் துரைக்கண்ணுவுக்கு ஆச்சரியமாக இருந்தது. எல்லாம் பழகிய பாதையாகத் தெரிந்தது. உதடு சத்தமில்லாமல் அசைந்தது, கண் அதற்கு முன்னால் ஓடியது. நீளமான பத்திகள்கூட ஒரே மூச்சில் முடிந்தன. நேரம் மிச்சமிருந்தது. தலையைத் தூக்கினான். இரண்டு வரிசை முன்னால் மேரி பிளாஸ்திரி போட்ட விரலை ஒரு வரிக்குக் கீழே வைத்திருந்தாள். விரல் வரியின் கடைசிவரை போய், மறுபடி முதலுக்கு வந்தது. இன்னொரு தரம் போனது. அவள் பாதித் தாளைக்கூடத் தாண்டியிருக்கவில்லை. நடுவில் ஒருமுறை தலையைச் சாய்த்து, யாரோ பேசப்போகிறார்கள் என்பதுபோலக் காத்திருந்தாள். பிறகு குனிந்துகொண்டாள்.

அப்போதுதான் அவனுக்கு விளங்கியது. இத்தனை நாள் கோடவுன் வாசலில் உட்கார்ந்து பரீட்சைக்குத் தயாரானவன் அவன் ஒருவன்தான். பத்தி பத்தியாக வாசித்து வாசித்துக் கண்ணைப் பழக்கிக்கொண்டவன் அவன்தான். அவளுக்குப் பழக்கியது தன் குரலை. அதை யாரும் ஹாலுக்குள் விடமாட்டார்கள்.

வெளியே வந்ததும் மேரி சிரிக்கப் பார்த்தாள். “இன்னா துரை, அந்த ஹாலு அப்பிடியே ஊமையா கெடக்குது. ஒருத்தரும் கேள்வி கேக்கல. வெறும் எழுத்துதான்.” திரும்பும் ரயிலில் மிச்சமிருந்த அடையைச் சவுரியம்மாள் பிட்டு நீட்டியபோது இருவருமே பசியில்லை என்றார்கள்.

ஜூனில் அவனுக்குக் கடிதம் வந்தது. மேரிக்கு வரவில்லை. அப்பா கிளியனூரிலிருந்து வந்து அத்தை வீட்டுத் தெரு முழுக்க மிட்டாய் கொடுத்தார். யாராவது வாழ்த்தும்போதெல்லாம் துரைக்கண்ணுவுக்கு வரிக்குக் கீழே நகர்ந்த அந்த விரல்தான் ஞாபகத்துக்கு வந்தது. விழுப்புரம் போகாமல் ஒவ்வொரு நாளும் ஒரு காரணம் கண்டுபிடித்தான். பெங்களூர் போக ஒரு வாரமே இருக்கையில், புத்தகத்தைப் பையில் போட்டுக்கொண்டு பஸ் ஏறினான்.

ஆடிப்பட்டம் நெருங்கியதால் கோடவுனில் மூட்டை குவிந்திருந்தது. அவனைக் கண்டதும் கோவிந்தம்மாள், “ஏ, ஜட்ஜு அய்யா வந்துட்டாரு. எல்லாம் எழுந்து நில்லுங்கடி” என்றாள். சவுரியம்மாள் முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு வந்து, “ஜெயிச்சிட்டியாமே தம்பி. சந்தோஷம்ப்பா” என்று அவன் தோளைத் தொட்டாள். அதில் கள்ளமில்லை. அதுதான் அவனைக் குத்தியது.

மேரி எழுந்திருக்கவில்லை. “நீ போயிட்டா அடுத்த வருசம் எனக்கு யாரு படிக்கறது? ஒன் கொரல டேப்புல புடிச்சி அனுப்பு, கேட்டுக்கினே ஒடைக்கறேன்” என்றாள். கை நிற்கவில்லை.

“அதான் தப்பு மேரி.” என்றான். “நான் படிச்சிருக்கவே கூடாது. நான் படிச்சதாலதான் நீ…”

“தெரியும்.”

மேரி நிமிராமலே அடுத்த காயை உடைத்தாள்.

“ஹாலுல மொதப் பக்கத்தத் திருப்பறப்பவே தெரிஞ்சிபோச்சு. அதுக்காவ ஒன்ன திட்ட முடியுமா? நீ வராம இருந்திருந்தா அந்த ரயிலுல ஏறியே இருக்கமாட்டேன்.” ஒரு காயை எடுத்து அழுத்தினாள், அது உடையவில்லை. தரையில் தட்டினாள். “ஆனா அன்னிக்கு புஸ்தகத்தக் கேட்டேன் துரை. ஒரே ஒரு ராத்திரிக்கு.”

அவன் பையிலிருந்து புத்தகத்தை எடுத்து நீட்டினான். “இனிமே இது ஒனக்குத்தான்.”

மேரி இரண்டு கையையும் விரித்துக் காட்டினாள். விரலிடுக்கில் தொலி, மண், நைந்துபோன பிளாஸ்திரி. “இப்ப குடுத்தா எந்தக் கையால வாங்கட்டும், சொல்லு?”

கேலியாகத்தான் சொன்னாள். அவனால் சிரிக்க முடியவில்லை. அவளுக்கு எட்டுகிற இடமாகப் பார்த்து ஒரு மூட்டைமேல் புத்தகத்தை வைத்தான். அவள் அதைப் பார்த்துவிட்டு அடுத்த காயை எடுத்தாள். வெளியே வரும்போது திரும்பிப் பார்த்தான். அட்டைமேல் தொலித்தூசி அதற்குள் லேசாகப் படிந்திருந்தது.

பஸ்ஸில் ஜன்னலோர இடம் கிடைத்தது. டைரியைத் திறந்து முழங்கால்மேல் வைத்துக்கொண்டான். சாலையோரக் கொல்லைகளில் விதைப்புக்கு உழுது போட்டிருந்தார்கள். அப்பாவும் இந்த வாரம் விதைப்பார். அந்தப் பருப்பு யார் கையால் உடைத்தது என்று வீட்டில் யாரும் கேட்டதில்லை. திண்டிவனம் வருவதற்கு முன்னால் எழுதினான்.

நாளை: முதல் பஸ்ஸில் விழுப்புரம். பிளாஸ்திரி வாங்க வேண்டும். கோடவுன் மேஸ்திரியிடம் கேட்டு, கிளம்பும் நாள்வரை மேரியின் பங்கை நான் உடைக்க வேண்டும். கூடைமேல் அவள் உட்காரட்டும், புத்தகம் அவள் கையில் இருக்கட்டும். இன்னொருவாட்டி என்று கேட்டாலும் வாயைத் திறக்கக் கூடாது.