ஏரிக்கடி நகரம்

உத்திரமேரூரில் நெல் மில் வைத்திருந்த வேதாசலம், சிறுவர் பத்திரிகை ஒன்றில் விஞ்ஞானக் கதைகள் எழுதிவந்தார். எழுபத்தெட்டில் வந்த தொடருக்கு 'ஏரிக்கடி நகரம்' என்று பெயர். தண்ணீருக்கடியில் கண்ணாடி மாளிகைகள் கட்டி வாழும் மனிதர்களைத் தேடி ஒரு சிறுமி புறப்படுகிறாள். தலையில் தகர டப்பாவைக் கவிழ்த்துக்கொண்டு, ரப்பர் குழாய் வழியே மூச்சு விட்டபடி ஏரிக்குள் இறங்குகிறாள். ஓராள் ஆழம் போனாலே தண்ணீர் நெஞ்சை அழுத்தும், குழாயில் காற்றை இழுக்க முடியாது என்பது வேதாசலத்துக்குத் தெரியும். அதையெல்லாம் எழுதினால் கதை தேங்கிவிடும் என்று விட்டுவிட்டார்.

கார்த்திகையில் ஏரி நிரம்பிக் கிடந்தபோது, கரையை ஒட்டிய காலனியில் மலர்க்கொடி என்ற பள்ளிச் சிறுமி மூழ்கி இறந்துபோனாள். நெல் அரைக்க வந்தவர்கள் மில்லில் பேசிக்கொண்டார்கள்.

"தலையில பிஸ்கோத்து டின்ன மாட்டிக்கினு எறங்கிகீது. கையில சைக்கிள் டியூபு வேற. இன்னா வெளையாட்டோ."

வேதாசலம் எஞ்சினை நிறுத்தச் சொன்னார்.

காரியம் முடிந்த பிறகு காலனிக்குப் போனார். பக்கத்திலேயே இருந்தும் அந்தத் தெருவுக்குள் அவர் கால் வைத்ததில்லை. மலர்க்கொடியின் தாய் செங்கேணி வாசலில் வெறும் முறத்தை மடியில் வைத்து உட்கார்ந்திருந்தாள். அவரைக் கண்டதும் எழுந்தாள்.

"உக்காரும்மா" என்று சொல்லித் தானும் தரையில் உட்கார்ந்தார். "உம் பொண்ணு படிச்ச கதை... அத எழுதினவன் நான்தான்."

அவள் ஏசுவாள் என்று எதிர்பார்த்துத்தான் வந்திருந்தார். அவள் ஏசவில்லை.

"லைப்ரரில படிச்சிட்டு வந்து எனக்குச் சொல்லும். அந்தப் பொண்ணு தண்ணில எறங்குற வரிக்கும் சொல்லிச்சு. மேல வந்துச்சா?"

"வருவா. கடைசிப் பகுதி இன்னும் அச்சாகல."

"அதுக்கு அம்மா இல்லியா?"

அவர் யோசித்தார். அம்மாவைப் பற்றி ஒரு வரிகூட எழுதியிருக்கவில்லை. அவர் கதைகளில் புறப்பட்டுப் போகும் எந்தக் குழந்தைக்கும் அம்மா கிடையாது. இருந்தால் போக விடமாட்டாளே.

"இல்லம்மா."

"இருந்தா வுட்டிருப்பாளா?" என்றாள் செங்கேணி. பிறகு, "நான் அன்னிக்குக் களையெடுக்கப் பூட்டேன்" என்றாள்.



மறுநாளே சென்னைக்குப் பஸ் ஏறி, கடைசிப் பகுதியைத் திருப்பிக் கேட்டார். பத்திரிகை ஆசிரியருக்குப் பிடிக்கவில்லை.

"பசங்க அந்த நகரத்தப் பாக்கத்தான் காத்துக்கிட்டிருக்காங்க."

"பாக்க வேணாம் சார்" என்றார் வேதாசலம்.

அங்கேயே உட்கார்ந்து வேறு எழுதிக் கொடுத்தார். அதில் சிறுமி நகரத்துக்குப் போய்ச் சேரவில்லை. தலை முங்கிக் கொஞ்சம் இறங்கியதுமே காற்று நின்றுபோகிறது. ஏன் நிற்கிறது என்பதையும் எழுதினார். அவள் இடுப்பில் கட்டியிருந்த கயிற்றைக் கரையிலிருந்து அம்மா இழுக்கிறாள்.

இதழ் வந்ததும் செங்கேணியிடம் எடுத்துப்போய்ப் படித்துக் காட்டினார். அவள் தரையைப் பார்த்தபடி கேட்டாள்.

"கயிறு இழுக்குற எடத்த இன்னொரு தபா படிங்கய்யா."

அவர் பக்கத்தைத் திருப்பி அந்த வரியைத் தேடினார். அவள் அவசரப்படுத்தாமல் காத்திருந்தாள்.